எட்டாயிரம் ரூபாய் வாடகைக்கு வோடஃபோன் சட்டம்!

உங்கள் வீட்டு ஓனர் எங்கே இருக்கிறார்?

‘இதென்ன கேள்வி, மாடியிலதான் இருக்கார். ரெண்டு தடவை மோட்டார் போட்டா எட்டிப் பார்க்கிறார்’ என்று சொல்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அவர்கள் இந்த வாரம் இந்தப் பக்கத்தைச் சும்மா ஒரு பொழுதுபோக்காகப் படிக்கலாம். ‘ஓனர் துபாய்ல சார். வாடகையை அவங்க அம்மா அக்கவுன்ட்டுக்குப் போட்டுடுவோம்’ என்கிறவர்கள் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். இந்திய வருமான வரிச் சட்டத்தின் கணக்குப்படி, நீங்கள் மாதாமாதம் ஐந்தாம் தேதி ஒரு தப்பு செய்துகொண்டிருக்கிறீர்கள். அது தப்பு என்று உங்களுக்கும் தெரியாது. துபாயில் இருப்பவருக்கும் தெரியாது. அல்லது, அவருக்குத் தெரியும், உங்களிடம் சொல்லவில்லை.

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால் வருகிற ஊர் புதுவாயல். கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டைக்குப் பக்கம். பெரியபாளையம் போகும் சாலை இங்கேதான் பிரிகிறது. ஒரு காலத்தில் நெல் வயலும் ஏரியுமாக இருந்த வட்டாரம். கும்மிடிப்பூண்டி சிப்காட் வந்தது. தேர்வாய்க்கண்டிகையில் இன்னொரு சிப்காட் வந்தது. இன்ஜினீயரிங் கல்லூரிகள் வந்தன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்குத் தங்க இடம் வேண்டுமே? இருந்த மனையில் எல்லாம் லைன் வீடுகள் எழும்பின. ஒரு ரூம், ஒரு சமையல் மூலை, பொதுக் கழிப்பறை. அதற்கும் வாடகை உண்டு, அட்வான்ஸ் உண்டு.

இந்த மாதிரி வட்டாரங்களில் மனை வாங்கிப் போட்டவர்களில் மஸ்கட், தோஹா, சிங்கப்பூர், டெக்ஸாஸ்காரர்கள் உண்டு. அவர்கள் லீவுக்கு வந்தபோது பத்திரம் பதிந்திருப்பார்கள். சித்தப்பாவுக்கோ மச்சானுக்கோ பவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். இதில் தப்பே கிடையாது. ராப்பகலாக உழைத்துச் சம்பாதித்த காசு, ஊரில் ஒரு வீடாக நிற்க வேண்டும் என்று நினைப்பது நியாயமான ஆசை. நான் கேட்பது அந்த வீட்டிலிருந்து வருகிற வாடகையைப் பற்றி.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

நீங்கள் கம்பெனி இல்லை, வியாபாரி இல்லை. மாதச் சம்பளக்காரர். உங்கள் ஓனர் இந்தியாவிலேயே வசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் நீங்கள் வரி பிடிக்க வேண்டும். 2017-ல் வந்த விதி இது. அப்போது 5 சதவிகிதம். 2024 அக்டோபரிலிருந்து 2 சதவிகிதம். இதற்கு உங்கள் பான் நம்பரே போதும். பெரும்பாலும் வருடத்துக்கு ஒரே ஒரு முறை கட்டினால் முடிந்தது. நல்ல ஏற்பாடு. யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அதே ஓனர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் கதையே வேறு. 50,000 ரூபாய் வரம்பு கிடையாது. எந்த வரம்புமே கிடையாது. முதல் ரூபாயிலிருந்து 30 சதவிகிதம் வரி, அதன் மேல் 4 சதவிகிதம் செஸ், ஆக 31.2 சதவிகிதம் நீங்கள் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அவருக்குத் தர வேண்டும். பிடித்ததை அரசாங்கத்துக்குக் கட்ட உங்கள் பான் நம்பர் செல்லாது. ‘டான்’ என்று தனியாக ஒரு நம்பர் வாங்க வேண்டும். மாதாமாதம் செலுத்த வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை டி.டி.எஸ். ரிட்டர்ன் போட வேண்டும். அப்புறம் ஓனருக்கு சர்ட்டிஃபிகேட் வேறு கொடுக்க வேண்டும். கம்பெனிகளின் அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட் செய்கிற வேலை அத்தனையும், லேத் பட்டறையில் ஷிஃப்ட் முடித்து வந்து துணி துவைத்துக்கொண்டிருக்கும் ஒரு தொழிலாளியின் தலையில்!

கொஞ்சம் கணக்குப் போடலாம். நான் பி.காம். படித்ததற்கு இந்த மாதிரி நேரத்தில்தான் பிரயோஜனம்.

சென்னையில் ஒரு பெரிய பங்களா. வாடகை 2 லட்சம் ரூபாய். ஓனர் உள்ளூர்க்காரர். குடியிருப்பவர் பிடிக்க வேண்டிய வரி மாதத்துக்கு 4,000 ரூபாய். புதுவாயலில் ஒரு சின்ன வீடு. வாடகை 8,000 ரூபாய். ஓனர் மஸ்கட்டில். குடியிருப்பவர் பிடிக்க வேண்டிய வரி மாதத்துக்கு 2,496 ரூபாய். வருடத்துக்கு 29,952 ரூபாய்.

பிடிக்காமல் விட்டால்? வரியை உங்களிடமே கேட்கலாம். பிடிக்காத வரிக்கு மாதம் 1 சதவிகிதம் வட்டி. பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் 1.5 சதவிகிதம். ரிட்டர்ன் போடத் தாமதமானால் ஒரு நாளைக்கு 200 ரூபாய், பிடித்த வரித் தொகையை எட்டும் வரை. நம்ம 8,000 ரூபாய் வீட்டுக்கு மூன்று மாத வரி 7,488 ரூபாய். 38-வது நாளில் தாமதக் கட்டணம் வரித் தொகையையே எட்டிப் பிடித்துவிடும். வாடகை கொடுத்ததற்கு இவ்வளவு தண்டனை! வாடகை பாக்கி வைத்தவனுக்குக்கூட இத்தனை சட்டம் இல்லை.

இந்த விதியின் பழைய பெயர் 195-வது பிரிவு. அந்த நம்பரை எங்கேயோ கேள்விப்பட்ட மாதிரி இருக்கிறதா? வோடஃபோன் கதைதான். 2007-ல் ஹட்சிசன் கம்பெனியின் இந்திய செல்போன் வியாபாரத்தை வோடஃபோன் சுமார் 11 பில்லியன் டாலருக்கு வாங்கியது. வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பணம் கொடுத்தபோது வரி பிடிக்கவில்லை என்று வருமான வரித் துறை இந்தப் பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டுதான் 11,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வோடஃபோன் பக்கம் தீர்ப்பு சொன்னது. அரசாங்கம் விடவில்லை. அந்த வருட பட்ஜெட்டிலேயே முன்தேதியிட்டுச் சட்டத்தைத் திருத்தியது. 2020-ல் சர்வதேச நடுவர் மன்றம் வோடஃபோனுக்குச் சாதகமாகச் சொல்ல, 2021-ல் நாடாளுமன்றம் அந்த முன்தேதித் திருத்தத்தை வாபஸ் வாங்கிக்கொண்டது.

வோடஃபோனுக்கு உலகத்தின் பெரிய வக்கீல்கள் இருந்தார்கள். உச்ச நீதிமன்றம் இருந்தது. சர்வதேச நடுவர் மன்றம் இருந்தது. அதே பிரிவு புதுவாயல் லைன் வீட்டின் கதவைத் தட்டினால் யார் வருவார்கள்? தெரு முனை ஜெராக்ஸ் கடைக்காரர்கூட வர மாட்டார்.

1961-ம் வருடச் சட்டம் போய், 2025-ம் வருடச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்துவிட்டது. எளிமையான சட்டம் என்று சொன்னார்கள். வாக்கியங்கள் குறைந்தன, பிரிவு எண்கள் மாறின, ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்ற குழப்பம் போய் ‘வரி ஆண்டு’ வந்தது. எல்லாம் சரி. குடியிருப்பவர் கழுத்தில் கிடந்த கயிறு மட்டும் அப்படியே கிடக்கிறது.

‘அரசாங்கம் வேறு என்ன சார் செய்யும்? மஸ்கட்டுக்குப் போயா வசூல் பண்ண முடியும்? பணம் கிளம்புகிற இடத்திலேயே பிடிப்பதுதானே புத்திசாலித்தனம்?’ என்று ஒரு ஆடிட்டர் வாசகர் கேட்கக்கூடும். கேள்வி நியாயம். கொள்கையில் எனக்குச் சண்டை இல்லை. உலகத்தில் பல நாடுகள் இதைச் செய்கின்றன. செய்கிற விதத்தில்தான் வித்தியாசம்.

பிரிட்டனில் வெளிநாட்டு ஓனருக்கு நேரடியாக வாடகை கொடுப்பவர், வாரத்துக்கு 100 பவுண்டுக்கு மேல் கொடுத்தால்தான் வரி பிடிக்க வேண்டும். ஓனர் வரித் துறைக்கு விண்ணப்பித்து, ‘நான் ஒழுங்காகக் கணக்குக் கொடுக்கிறேன், என் வாடகையில் பிடிக்க வேண்டாம்’ என்று அனுமதி வாங்கிவிட்டால் குடியிருப்பவருக்கு அந்தத் தொல்லையும் இல்லை. கனடாவில் வாடகையில் 25 சதவிகிதம் பிடிக்க வேண்டும் என்பது விதி. இத்தாலியில் வசித்த ஒருவரின் மாண்ட்ரீல் வீட்டை வாடகைக்கு எடுத்திருந்த ஒரு கம்பெனி, பிடிக்காத வரியைத் தானே கட்ட வேண்டும் என்று அந்த நாட்டு வரி நீதிமன்றம் 2023-ல் தீர்ப்பு சொன்னது. செய்தி வெளியே வந்ததும் வாடகைதாரர்கள் கொதித்துப்போனார்கள். தனிப்பட்ட குடித்தனக்காரர்களிடம் ஓனரின் வரியை வசூலிக்கும் எண்ணம் இல்லை என்று 2024-ல் அரசாங்கம் சொல்ல வேண்டிவந்தது. அங்கே ஜனங்கள் கேட்டார்கள், பதில் வந்தது. இங்கே நாம் கேட்கவே இல்லை.

சரி, ஓனர் பக்கம் வருவோம். அரசாங்கத்தைத் திட்டும்போது தலையாட்டிக்கொண்டே படிக்கும் வெளிநாட்டு வாழ் நண்பர்களே, இனி உங்கள் முறை.

மஸ்கட்காரருக்கு இந்தியாவில் அந்த 8,000 ரூபாய் வாடகையைத் தவிர வேறு வருமானமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 96,000 ரூபாய். ஊராட்சிக்குக் கட்டிய வீட்டு வரி 1,000 ரூபாய் போனால் 95,000. அதில் 30 சதவிகிதம் பராமரிப்புக்கு என்று சட்டமே கழித்துக்கொள்கிறது, ரசீது கேட்பதில்லை. மிச்சம் 66,500 ரூபாய். வீட்டுக் கடன் வட்டி இருந்தால் அதுவும் கழியும். புதிய வரி முறையில் 4 லட்சம் ரூபாய் வரை வரி கிடையாது. ஆக, அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். ஆனால், குடியிருப்பவர் சட்டப்படி நடந்தால் 29,952 ரூபாய் அரசாங்கத்துக்குப் போய்விடும். ஓனர் ரிட்டர்ன் போட்டுத்தான் அதைத் திரும்ப வாங்க வேண்டும். வரியே இல்லாத மனிதரிடம் வரியைப் பிடித்துவைத்துக்கொண்டு, ‘வந்து வாங்கிக்கோ’ என்கிறது சட்டம்.

இன்னொருவர். லைன் வீடு கட்டியவர். 10 வீடு, வீட்டுக்கு 6,000 ரூபாய். மாதம் 60,000, வருடம் 7.2 லட்சம். 30 சதவிகிதம் கழித்தால் 5,04,000 ரூபாய். 4 லட்சத்துக்கு மேல் உள்ள 1,04,000 ரூபாய்க்கு 5 சதவிகித வரி, செஸ்ஸும் சேர்த்து 5,408 ரூபாய். இதே வருமானம் உள்ள உள்ளூர்க்காரருக்கு 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் பூஜ்யம். அந்தத் தள்ளுபடி வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கிடையாது. அதனால் 5,408 ரூபாய்.

இப்போது இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் உண்மையில் கட்ட வேண்டியது 5,408 ரூபாய். குடியிருக்கும் 10 பேரும் சேர்ந்து சட்டப்படி பிடிக்க வேண்டியது 2,24,640 ரூபாய். அதற்காக 10 பேரும் 10 டான் நம்பர் வாங்கி, வருடத்துக்கு 40 ரிட்டர்ன் போட வேண்டும். 5,408 ரூபாய்க்காக 40 ரிட்டர்ன்! இதை எழுதிய அதிகாரி ஒரு தடவையாவது வாடகை வீட்டில் குடியிருந்திருப்பாரா?

ஆனால், ஓனரே, உங்களையும் கேட்கிறேன். வருடத்துக்கு 5,408 ரூபாய் கட்டுவதற்கா இத்தனை வேலை செய்கிறீர்கள்? அம்மா பெயரில் வாடகை அக்ரிமென்ட், மச்சான் நம்பருக்கு ஜிபே, ‘யாராவது கேட்டா ஓனர் ஊர்லதான் இருக்கார்னு சொல்லுங்க’ என்று குடியிருப்பவருக்குப் பாடம்! அம்மாவின் அக்கவுன்ட்டில் விழுந்தால் அது அம்மாவின் வருமானம் ஆகிவிடாது. பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ, வருமானம் அவருடையது. பவர் வைத்திருக்கும் சித்தப்பாவும் ஓனர் இல்லை. அவர் உங்கள் கை, அவ்வளவுதான். வீட்டை மனைவிக்கு எழுதிவைத்தாலும் வாடகை உங்கள் கணக்கில்தான் சேரும். உண்மையிலேயே அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும் என்றால் வீட்டையே அம்மா பெயருக்கு எழுதிக் கொடுங்கள். கசக்கிறது, இல்லையா?

நீங்கள் இருக்கும் நாட்டில் எப்படி நடந்துகொள்கிறீர்கள்? அமெரிக்காவில் ஏப்ரல் 15 வந்தால் கைகால் உதறுகிறது. கடைசி சென்ட் வரை கணக்குக் காட்டுகிறீர்கள். அந்த நாட்டில் வரி கட்டக் கடமைப்பட்டவர் என்றால் புதுவாயல் வாடகையையும் அங்கே காட்டியாக வேண்டும். இந்தியாவில் கட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. இந்தியாவில் கட்டவே இல்லை என்றால் கழிக்க என்ன இருக்கிறது? வளைகுடாவில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ரொம்ப நல்லது. அதற்காக, கும்மிடிப்பூண்டி பக்கத்தில் முளைத்த வாடகைக்கும் வரி இல்லை என்று அர்த்தம் இல்லை. மண் எந்த நாட்டில் இருக்கிறதோ, அந்த நாட்டுக்கு அதன் வருமானத்தில் வரி போடும் உரிமை உண்டு. இந்தியா செய்துகொண்டிருக்கும் இரட்டை வரி ஒப்பந்தங்கள் எல்லாம் சொல்வது இதைத்தான்.

அந்த மண்ணுக்கு யார் மதிப்புக் கொடுத்தது? நீங்கள் மஸ்கட்டில் இருந்தீர்கள். சிப்காட்டுக்கு நிலம் எடுத்தது அரசாங்கம். நான்கு வழிச் சாலை போட்டதும், கும்மிடிப்பூண்டி வரை மின்சார ரயில் விட்டதும் பொதுப் பணம். இருந்த நிலத்தைக் கொடுத்தவர்கள் பக்கத்துக் கிராமத்து விவசாயிகள். வாடகை தருகிறவர்கள் சொந்த ஊரைவிட்டு வந்து கொதிக்கும் உலைக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிற பையன்கள். இவர்கள் எல்லாம் சேர்ந்து உங்கள் மனையை லட்சங்களாக ஆக்கினார்கள். பதிலுக்கு ஒரு ரிட்டர்ன் போட உங்களுக்கு நேரம் இல்லை. மாட்டிக்கொண்டால் மாட்டுவது குடியிருப்பவன். நன்றாக இருக்கிறதே நியாயம்!

ரிட்டர்ன் போடுவது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. சம்பளக்காரர்கள் போடும் ஐ.டி.ஆர்.-1 உங்களுக்கு ஆகாது, ஐ.டி.ஆர்.-2 போட வேண்டும். ஜூலை 31 கடைசித் தேதி. போட்ட 30 நாளுக்குள் ஆன்லைனிலேயே உறுதி செய்ய வேண்டும். 4 லட்சம் வரம்புக்குள் இருந்தால் பொதுவாக ரிட்டர்ன் கட்டாயம் இல்லை. ஆனால், பிடித்த வரியைத் திரும்ப வாங்க அதுதான் வழி. வரி குறைவாகத்தான் வரும் என்று முன்னாடியே தெரிந்தால், குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லியோ, பிடிக்கவே வேண்டாம் என்று சொல்லியோ வருமான வரித் துறையிடம் சர்ட்டிஃபிகேட் வாங்கிக் குடியிருப்பவர் கையில் கொடுக்கலாம். இது ஓனர் செய்ய வேண்டிய வேலை. ‘என் ஓனருக்கு வருமானம் கம்மி, அதனால் நான் பிடிக்கவில்லை’ என்று குடியிருப்பவர் தானாக முடிவு பண்ண முடியாது.

கஷ்டங்களே இல்லை என்று சொல்லவில்லை. ஓ.டி.பி. எல்லாம் நீங்கள் எப்போதோ சரண்டர் செய்த இந்திய சிம்முக்குப் போகும். 2023 ஜூலையில் ஆதாருடன் இணைக்காத பான் நம்பர்கள் செயலிழந்தபோது, ஆதார் கட்டாயமே இல்லாத வெளிநாட்டு வாழ் இந்தியர்கள் பலரின் பானும் சேர்ந்து படுத்துக்கொண்டது. ‘நான் வெளிநாட்டில் வசிக்கிறேன்’ என்ற விவரத்தை அவர்கள் துறைக்குத் தெரிவித்திருக்கவில்லை என்பது காரணம். அப்புறம் அதிகாரிக்கு பாஸ்போர்ட் நகல் அனுப்பித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. கடுப்பான விஷயம்தான். ஆனால், இந்தக் கடுப்பை நீங்கள் அனுபவிப்பதுதான் முறை. உங்கள் வீட்டில் குடியிருப்பவர் அல்ல.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒருவர் வெளிநாட்டில் வசிப்பவரா இல்லையா என்பது பாஸ்போர்ட் நிறத்தை வைத்தோ விசாவை வைத்தோ முடிவாவதில்லை. நாள் கணக்கு. வேலைக்காகக் கிளம்பிப் போகிறவர் அந்த வருடம் இந்தியாவில் 182 நாள் இருந்தாரா என்று பார்க்க வேண்டும். ஓனர் ஆகஸ்டில் தோஹாவுக்கு விமானம் ஏறினால், ஏப்ரலிலிருந்தே அவர் வெளிநாட்டில் வசிப்பவர். டிசம்பரில் ஏறினால், அந்த வருடம் முழுக்க உள்ளூர்க்காரர். அதாவது, ஏப்ரல் மாத வாடகையைக் கொடுக்கும்போதே, ஆகஸ்டில் ஓனருக்கு விசா வருமா என்று குடியிருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜோசியம் படித்தவர்கள் மட்டும் வாடகைக்கு வீடு தேடவும் என்று போர்டு வைத்துவிடலாம்.

‘இந்தச் சின்ன வாடகைக்கெல்லாம் எவன் சார் வந்து கேக்கப்போறான்?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இதுவரை பெரும்பாலும் கேட்கவில்லை என்பது உண்மைதான். யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் இந்த விதி உயிரோடு இருக்கிறது. எல்லோரையும் பிடித்திருந்தால் என்றைக்கோ மாற்றியிருப்பார்கள். பழைய வரி முறையில் வீட்டு வாடகைப் படிக்குக் கழிவு கேட்கும் சம்பளக்காரர், வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய்க்கு மேல் வாடகை என்றால் ஓனரின் பான் நம்பரை ஆபீஸில் கொடுக்க வேண்டும். கொடுத்த அந்த நம்பர் யாருடையது, அவர் எங்கே வசிக்கிறார் என்பது வருமான வரித் துறையின் கம்ப்யூட்டருக்குத் தெரியும். வரி பிடித்தாரா இல்லையா என்று பார்க்க அதற்கு ஒரு நிமிடம் போதும். பொத்தானை அழுத்துவதா வேண்டாமா என்பது மட்டும்தான் பாக்கி.

எல்லோரும் மீறியே ஆக வேண்டிய சட்டம் ஆபத்தானது. அது யாரையும் திருத்தாது. வேண்டாதவனைப் பிடிக்க வேண்டிய நாளில் மட்டும் அலமாரியிலிருந்து வெளியே வரும்.

என்ன செய்யலாம்? நான் கேட்பது நாலே விஷயம்.

ஒன்று, வரம்பு. உள்ளூர் ஓனருக்கு மாதம் 50,000 ரூபாய் என்ற வரம்பு இருக்கும்போது, வெளிநாட்டு ஓனருக்கும் ஒரு வரம்பு வையுங்கள். 50,000 வேண்டாம், 20,000 என்றாவது வையுங்கள். லைன் வீட்டுக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கட்டும்.

இரண்டு, டான் தொல்லையை ஒழியுங்கள். வெளிநாட்டில் வசிப்பவரிடமிருந்து வீடு, மனை வாங்குகிறவர் இனி டான் இல்லாமல் பான் நம்பரை வைத்தே வரி கட்டலாம் என்று 2026 பட்ஜெட்டில் நிதியமைச்சர் அறிவித்தார். நல்ல காரியம், பாராட்டுகிறேன். கோடி ரூபாய்க்கு வீடு வாங்குகிறவருக்குக் கிடைக்கிற வசதி, 8,000 ரூபாய் வாடகை கொடுக்கிறவருக்கு ஏன் கிடைக்கக் கூடாது? வாங்க வசதி உள்ளவனுக்குச் சலுகை, வாங்க வசதி இல்லாதவனுக்கு டான் நம்பரா?

மூன்று, பொறுப்பு ஓனருடையது என்று சட்டத்தில் எழுதுங்கள். தமிழ்நாட்டில் நகர்ப்புறங்களுக்கு 2017-ம் வருட வாடகைச் சட்டம் இருக்கிறது. 2019-லிருந்து நடைமுறையிலும் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாக இருக்கட்டும்: ‘ஓனர் எங்கே வசிக்கிறார்?’ நாளைக்குத் தோஹாவுக்குக் கிளம்பினால் குடியிருப்பவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டியது ஓனரின் கடமை. தெரிவிக்காவிட்டால் அபராதமும் வட்டியும் அவருக்கு. வீட்டை விற்றால் ஓடிவிட முடியுமா? பத்திரப் பதிவுக்கு அவர் வந்துதானே ஆக வேண்டும், அல்லது பவர் ஏஜென்ட் வர வேண்டும். அந்த இடத்தில் பிடியுங்கள்.

நான்கு, 30 சதவிகிதத்தைக் குறையுங்கள். மொத்த வாடகைக்கும் 31.2 சதவிகிதம் என்பது பெரிய பணக்காரருக்கான விகிதம். 10 வீட்டுக்காரருக்கு வருகிற உண்மையான வரி மொத்த வாடகையில் 1 சதவிகிதம்கூட இல்லை என்று மேலே பார்த்தோம். 5 சதவிகிதம் பிடித்தாலே அரசாங்கத்துக்கு நஷ்டம் வராது. ஓனருக்கும் ஒளிந்துகொள்ளத் தோன்றாது. அதிகமாக வரி வர வேண்டியவர் ரிட்டர்ன் போட்டு மீதியைக் கட்டட்டும்.

இதெல்லாம் நடக்கும் வரை வாசகர்களாகிய நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்களில் நிறையப் பேர் குடியிருப்பவர்கள். இன்னும் நிறையப் பேர் வீட்டில் ஒரு அண்ணனோ, மகனோ, மருமகனோ வெளிநாட்டில் இருக்கிறார். அவருடைய வாடகையை வாங்கி வைப்பவரே நீங்களாக இருக்கலாம். குடியிருப்பவர்கள் அடுத்த அக்ரிமென்ட் போடும்போது, ‘ஓனர் எங்கே வசிக்கிறார்?’ என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சங்கடப்படாதீர்கள். உங்கள் ஆதாரை, ஆபீஸ் ஐ.டி.யை, ஊர்ப் பெயரை, சாப்பாட்டுப் பழக்கத்தைக்கூட அவர்கள் சங்கடப்படாமல்தான் கேட்கிறார்கள்.

ஓனர் வீட்டுக்காரர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப் காலில் பேசும்போது, மழை பெய்ததா, மாடி ஒழுகுகிறதா என்று பேசி முடித்த பிறகு இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘தம்பி, இந்த வருஷம் ரிட்டர்ன் போட்டியா?’

‘அதெல்லாம் அங்கே யாரும் கேக்க மாட்டாங்கம்மா’ என்று அவர் சொன்னால், ‘உன்னைக் கேக்க மாட்டாங்கப்பா, நம்ம வீட்ல குடியிருக்கிற பையனைத்தான் கேப்பாங்க’ என்று சொல்லுங்கள்.